"தெரியவில்லை" என்பது "இல்லை" ஆகுமா?

கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. கால்வனாமீட்டரின் முள் அசையவில்லை என்றால், "மின்னோட்டம் இல்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவார்கள். கம்பி எங்காவது கழன்றிருக்கலாம். மின்னோட்டம் மிகச் சிறியதாக இருந்து, அந்தக் கருவியால் அதை உணர முடியாமற் போயிருக்கலாம். முள் அசையாமை நமக்குக் கூறுவது ஒன்றே ஒன்றுதான்: இந்தக் கருவிக்கு எதுவும் தெரியவில்லை. மின்னோட்டமே இல்லை என்று கூற வேறு சான்று வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், ஊரில் நடந்த ஒரு மருத்துவ முகாமுக்கு என் பெரியம்மா சென்று வந்தார். அப்போது அவருக்கு வயது 56. கருப்பை வாயில் புளிக்காடிக் கரைசலைத் தடவிப் பார்த்த செவிலியர், "ஒன்றும் தெரியவில்லை அம்மா, போய் வாருங்கள்" என்றாராம். வீட்டுக்கு வந்த பெரியம்மா எங்களிடம் சொன்னது: "எனக்கு ஒன்றும் இல்லையாம்." முகாம் நடந்த பள்ளிக்கூடத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த ஒரு மைல் தூரத்தில் "தெரியவில்லை" என்பது "இல்லை" ஆகிவிட்டது.

இந்தச் சிறிய சொல் மாற்றம் என்னை ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையின்பால் இட்டுச் சென்றது. 2007ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்த அக்கட்டுரை, நம் திண்டுக்கல் மாவட்டத்துப் பெண்களைப் பற்றியது. கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுப்பது குறித்து உலகில் நடந்த முக்கியமான ஆய்வுகளுள் அதுவும் ஒன்று. நான் இயற்பியல் கற்பிப்பவள், மருத்துவர் அல்லேன். எனினும் அளவீடு, பிழை, சராசரி ஆகியவை எங்கள் துறையின் அன்றாடச் சரக்குகள். அந்தத் தராசில் இவ்வாய்வை வாசகர்களுடன் சேர்ந்து எடைபோட்டுப் பார்க்க விரும்புகிறேன். பாராட்ட வேண்டியதைப் பாராட்டுவோம். கேட்க வேண்டியதையும் கேட்போம்.

கிருமி வேறு, நோய் வேறு

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். கருப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புவழிக்குள் திறக்கும் இடமே கருப்பை வாய். இங்கு தோன்றும் புற்றுநோய்க்கு, மிகச் சில நேர்வுகள் தவிர, காரணமாக இருப்பது மனிதப் பாப்பிலோமா வைரஸ். சுருக்கமாக இதனை எச்.பி.வி. என்பர். ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசனின் குழுவினர் இவ்வைரசின் 16ஆம் வகையை 1983இலும் 18ஆம் வகையை 1984இலும் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தனர். அதற்காக 2008இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருப்பை வாய்ப் புற்றுகளில் பத்துக்கு ஏழு இவ்விரு வகைகளால் வருபவை. வைரசின் குறுக்களவு சுமார் 55 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய பதினெட்டாயிரம் வைரஸ்களை வரிசையாக நிறுத்திவிடலாம்!

இவ்வைரஸ் உடலுறவின் வழியாகப் பரவுவது. இல்லற வாழ்வில் ஈடுபட்ட ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் அது தொற்றுகிறது. எனவே தொற்று என்பது ஒழுக்கத்துக்கு வைத்த அளவுகோல் ஆகாது. தொற்றுகளில் மிகப் பெரும்பாலானவை ஓரிரண்டு ஆண்டுகளில் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே அடங்கிவிடுகின்றன. எஞ்சிய சிலரிடம் வைரஸ் பல ஆண்டுகள் தங்கிவிடும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. வைரசின் ஈ6, ஈ7 எனும் இரு புரதங்கள், செல் கட்டுக்கடங்காமல் பெருகாதபடி காக்கும் நம் செல்லின் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. வண்டியின் தடை பழுதானால் என்ன ஆகுமோ அதுவே செல்லுக்கும் ஆகிறது. முதலில் மாற்றம் மேற்படலத்தில் மட்டும் நிற்கும். இதனை 'முன்நிலை மாற்றம்' எனலாம். இது புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பதினைந்து முதல் இருபது ஆண்டுகள் பிடிக்கும். இளமையில் நுழைந்த வைரசின் கணக்கு நடுவயதில்தான் வெளிப்படுகிறது. அதற்குள் கண்டு நீக்கிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம்.

இவ்விடத்தில் ஒன்றை வாசகர்கள் மனத்தில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். தங்கிவிட்ட எச்.பி.வி. வைரசைக் கொல்லும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. சிகிச்சை அளிக்கப்படுவது, வைரஸ் விளைத்த முன்நிலை மாற்றத்துக்கே. தடுப்பூசி தொற்று வருமுன் காக்கும். முன்னரே குடியேறிய வைரசை அது விரட்டாது. ஆகவே "கிருமியை அடியோடு ஒழிக்கும்" என்று எந்த மாத்திரையோ களிம்போ லேகியமோ விளம்பரப்படுத்தப்பட்டால், அதை நம்பிக் காலத்தையும் பணத்தையும் இழக்க வேண்டாம்.

புளிக்காடியும் பனிக்கட்டியும்

இனி ஆய்வுக்கு வருவோம். பிரான்சின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும், ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் உள்ள ஒரு சமூக நல மருத்துவ மையமும் இதில் இணைந்து பணியாற்றின. தலைமை ஆசிரியர் ஆர். சங்கரநாராயணன். மாவட்டத்தில் 114 ஊர்த் தொகுதிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. குலுக்கல் முறையில் 57 தொகுதிகள் சோதனைக் குழுவாகவும், 57 தொகுதிகள் ஒப்பீட்டுக் குழுவாகவும் பிரிக்கப்பட்டன. 30 முதல் 59 வயது வரையிலான, நோய்க்குறி அற்ற பெண்களே இதில் சேர்க்கப்பட்டனர். சோதனைக் குழுவில் 49,311 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பேர். முதற்குழுவினர் 2000 முதல் 2003 வரை ஒருமுறை சோதிக்கப்பட்டனர். இரண்டாம் குழுவினருக்கு அக்காலத்தில் வழக்கமாகக் கிடைத்த மருத்துவ வசதி மட்டுமே.

சோதனை மிக எளியது. நான்கு விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை, அதாவது ஊறுகாய்க்குச் சேர்க்கும் புளிக்காடி போன்ற நீர்த்த கரைசலை, கருப்பை வாயில் பஞ்சால் ஒற்றி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல விளக்கொளியில் பார்க்க வேண்டும். மாற்றமுற்ற இடம் வெளுத்துத் தெரியும். ஏன்? அந்தச் செல்கள் நெருக்கமானவை; அவற்றின் உட்கரு பெரியது. அமிலம் பட்டதும் புரதம் உறைந்து ஒளியைச் சிதறடிக்கிறது. அடியில் ஓடும் இரத்தத்தின் செந்நிறம் மறைந்து வெண்மை தோன்றுகிறது. கண்ணாடி போன்ற முட்டை வெண்கரு வெந்தவுடன் வெளுப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிகிச்சையோ நேராக நம் இயற்பியல் பாடநூலிலிருந்து வந்தது! உயர் அழுத்தத்தில் உருளையில் அடைத்த நைட்ரஸ் ஆக்சைடு அல்லது கார்பன் டை ஆக்சைடு வாயு, ஒரு நுண்துளை வழியே திடீரென விரிவடையும்போது கடுமையாகக் குளிர்கிறது. இதுவே ஜூல்-தாம்சன் விளைவு. ஒன்றையொன்று ஈர்க்கும் மூலக்கூறுகள் விலகிச் செல்லத் தேவையான ஆற்றலைத் தம் வெப்பத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் இக்குளிர்ச்சி உண்டாகிறது. நைட்ரஸ் ஆக்சைடைக் கொண்டு சுழிக்குக் கீழ் 89 பாகை சென்டிகிரேடு வரை செல்லலாம். இவ்வாறு குளிர்ந்த உலோக முனையைக் கருப்பை வாயில் பொருத்தி, மூன்று நிமிடம் உறைய வைத்து, ஐந்து நிமிடம் இளக விட்டு, மீண்டும் மூன்று நிமிடம் உறைய வைப்பார்கள். செல்லுக்குள் பனிப்படிகங்கள் உருவாகிச் செல் மடிகிறது. ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் ஆழம் வரை குளிர் இறங்கினால் போதும். முன்நிலை மாற்றம் பெரும்பாலும் அதற்கு மேலேயே நின்றுவிடும். மயக்க மருந்தோ அறுவை அரங்கோ தேவையில்லை.

இவை அனைத்தையும் செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். வெண்மை தெரிந்தவர்களை உருப்பெருக்கிக் கருவியான கோல்போஸ்கோப்பில் பார்த்து, திசு எடுத்து, பொருத்தமானவர்களுக்கு அந்த வருகையிலேயே குளிர்ச் சிகிச்சையும் அளித்தனர். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண்ணை "அடுத்த மாதம் வா" என்று திருப்பி அனுப்பினால் அவள் வரமாட்டாள் என்பது ஊரறிந்த உண்மை. அதை உணர்ந்து வகுக்கப்பட்ட திட்டம் இது. இவ்வாய்வின் முதற் சிறப்பு என நான் கருதுவது இதுவே.

எண்கள் என்ன சொல்கின்றன?

2006 வரை சோதனைக் குழுவில் கருப்பை வாய்ப் புற்றால் இறந்தவர்கள் 83 பேர். ஒப்பீட்டுக் குழுவில் 92 பேர். "ஒன்பது பேர்தானே வேறுபாடு?" என்று கேட்காதீர்கள். குழுக்களின் அளவு வேறு. ஒருவரை ஓராண்டு கண்காணித்தால் அது ஓர் 'ஆள்-ஆண்டு'. முதற்குழுவின் ஆள்-ஆண்டுகள் 2,74,430; இரண்டாவதன் ஆள்-ஆண்டுகள் 1,78,781. வகுத்துப் பாருங்கள்: லட்சம் ஆள்-ஆண்டுக்கு முதற்குழுவில் சுமார் 30 இறப்புகள்; இரண்டாவதில் 51. வயது முதலிய வேறுபாடுகளைச் சரிசெய்து ஆய்வாளர்கள் கூறும் முடிவு: இறப்பு 35 விழுக்காடு குறைந்தது, புதிதாக நோய் தோன்றுவது 25 விழுக்காடு குறைந்தது.

எந்த அளவீட்டையும் பிழை எல்லையுடன் கூறுவதே முறை. இறப்புக் குறைவின் எல்லை 11 முதல் 53 விழுக்காடு வரை. நோய்க் குறைவின் எல்லை 5 முதல் 45 வரை. எல்லைகள் அகன்றவையே. ஆனால் இரண்டிலும் சுழி உள்ளே வரவில்லை. ஆகவே பயன் உண்மையானது என்று கொள்ளலாம்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். அழைக்கப்பட்டவர்களில் சோதனைக்கு வந்தவர்கள் 63.6 விழுக்காடு. முன்நிலை மாற்றம் காணப்பட்ட 1,874 பேரில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காடு. தொடர்ச்சியாக இணைந்த இரு இயந்திரங்களின் திறனைப் பெருக்குவது போல இவற்றைப் பெருக்கினால் கிடைப்பது சுமார் 46 விழுக்காடு. பாதிக்கும் குறைந்த திறனில் ஓடிய இயந்திரம், ஒரே ஒரு முறை ஓடி, இவ்வளவு உயிர்களைக் காத்தது என்றால் அது பெருஞ்சாதனையே.

முதற் கேள்வி: சராசரிக்குள் யார் இருக்கிறார்கள்?

ஆனால் 35 என்பது ஒரு சராசரி. ஒரு கால் கொதிநீரிலும் மறுகால் பனிநீரிலும் இருப்பவனுக்குச் சராசரியில் வெதுவெதுப்பு! ஆகவே வயதுவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கட்டுரையின் அட்டவணையும் அவ்வாறு பிரித்தே தருகிறது. 30 முதல் 39 வயதினரில் இறப்பு 66 விழுக்காடு குறைந்தது. மூன்றில் இரண்டு பங்கு. 50 முதல் 59 வயதினரிலோ இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

இதற்குக் காரணம் உடலமைப்பில் இருக்கிறது. கருப்பை வாயின் வெளிப்பகுதியை மூடிய தட்டையான செல்களும், உட்குழாயை மூடிய தூண் வடிவச் செல்களும் சந்திக்கும் எல்லைப்பகுதியிலேதான் முன்நிலை மாற்றம் பெரும்பாலும் தோன்றுகிறது. இளம் வயதில் இவ்வெல்லை வெளியே, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி அது மெல்ல உட்குழாய்க்குள் ஏறிவிடும். அப்போது புளிக்காடியைத் தடவி எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் பார்க்க வேண்டிய இடம் பார்வையில் படாது. குளிர்முனையும் அங்கே எட்டாது. ஐம்பதைத் தாண்டிய சிலருக்குச் சோதனை நடந்தபோதே நோய் முற்றியிருக்கவும் கூடும்.

என் பெரியம்மாவின் "தெரியவில்லை"க்குப் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா? முள் அசையாததற்குக் காரணம், கம்பி அங்கே எட்டாததுதான். 2007இலேயே அட்டவணை இதைக் கூறிவிட்டது. எனினும் 2016இல் நடுவணரசு வகுத்த செயல்முறை, 30 முதல் 65 வயது வரை எல்லாப் பெண்களுக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதே கண்பார்வைச் சோதனையைப் பரிந்துரைத்தது. 35 விழுக்காடு என்ற சராசரி மேடையேறிப் பேசியது. ஐம்பதைத் தாண்டிய பெண்கள் அட்டவணையின் ஒரு வரியிலேயே தங்கிவிட்டார்கள்.

இரண்டாம் கேள்வி: வேறிடத்தில் செய்தால்?

அறிவியலில் ஒரு முடிவு நிலைபெற வேண்டுமாயின் வேறிடத்தில், வேறு கைகள் செய்தாலும் அது வர வேண்டும். மராட்டிய மாநிலத்தின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் (இப்போது தாராசிவ்) இதே சங்கரநாராயணன் தலைமையில் இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2009இல் வெளிவந்தது. 30 முதல் 59 வயது வரையிலான 1,31,746 பெண்கள் நான்கு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒன்றுக்கு எச்.பி.வி. சோதனை, ஒன்றுக்குச் செல் பூச்சுச் சோதனை, ஒன்றுக்குப் புளிக்காடிச் சோதனை. நான்காவது ஒப்பீட்டுக் குழு.

அங்கே புளிக்காடிச் சோதனை இறப்பைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைக்கவில்லை! திண்டுக்கல்லில் வெற்றி பெற்ற கரைசல் அங்கே ஏன் தோற்றது? கரைசலில் மாற்றமில்லை, பார்க்கும் கண்ணும், பயிற்சியும், உடனடிச் சிகிச்சையும், இடைவிடாத மேற்பார்வையும் இடத்துக்கு இடம் மாறக்கூடியவை. திண்டுக்கல் ஆய்வாளர்களே தம் முடிவுரையில் "நல்ல பயிற்சியும் தொடர்ந்த தரக் கண்காணிப்பும் இருந்தால்" என்ற நிபந்தனையைச் சேர்த்திருந்தார்கள். சோதனை நாடெங்கும் பரவியபோது அந்த நிபந்தனையும் கூடவே பரவ வேண்டுமல்லவா?

உஸ்மானாபாத்தில் வென்றது எச்.பி.வி. சோதனை. ஒரே ஒரு முறை செய்ததில், 34,126 பேர் கொண்ட அக்குழுவில் இறந்தவர்கள் 34 பேர். 31,488 பேர் கொண்ட ஒப்பீட்டுக் குழுவில் 64 பேர். கிட்டத்தட்ட பாதி. இச்சோதனை கண்ணை நம்புவதில்லை. பஞ்சில் ஒற்றி எடுத்த செல்களில் வைரசின் டி.என்.ஏ. உள்ளதா என்று வேதியியல் முறையில் தேடுகிறது. எல்லைப்பகுதி உள்ளே ஏறியிருந்தாலும் இது பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். எல்லாவற்றினும் முக்கியமான செய்தி இது: புளிக்காடிச் சோதனையில் "தெரியவில்லை" எனப்பட்டவர்களுக்குப் பின்னர் புற்று வந்த வீதம், எச்.பி.வி. சோதனையில் "இல்லை" எனப்பட்டவர்களுக்கு வந்த வீதத்தைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். எந்தக் கருவியின் "இல்லை"யை நம்பலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட நெறிமுறையில் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையையே முதற் சோதனையாகப் பரிந்துரைத்தது. 30 முதல் 49 வயதினருக்கு முதலிடம். 50 முதல் 65 வரை ஒருமுறையேனும் சோதிக்கப்படாதவர்களையும் விட்டுவிடக் கூடாது என்றது. ஒற்றி எடுக்கும் வேலையைப் பெண்ணே தனிமையில் செய்துகொள்ளலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டது. கூச்சத்தால் முகாமுக்கு வராத நம் பெண்களுக்கு இது பெரிய வாய்ப்பு.

"இந்த வயதில் எனக்கா?"

இவற்றையெல்லாம் படித்த பின் பெரியம்மாவை வற்புறுத்தி எச்.பி.வி. சோதனைக்கு அழைத்துச் சென்றேன். வைரஸ் இருப்பதாக முடிவு வந்தது. அவர் அழவில்லை, நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "உன் பெரியப்பா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறதே, இந்த வயதில் எனக்கா? கேட்பவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார்.

இக்கேள்விக்கு அறிவியலின் பதில் தெளிவானது. நடுவயதில் காணப்படும் எச்.பி.வி. அண்மையில் வந்ததாக இருக்கலாம். இருபது ஆண்டுகளுக்கு முன் வந்து உறங்கி, இப்போது தலைகாட்டியதாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்று எந்தச் சோதனையாலும் கூற முடியாது. ஆகவே இம்முடிவை வைத்து மனைவி கணவனையோ, கணவன் மனைவியையோ ஐயுறுவது அறிவுக்குப் பொருந்தாது. உஸ்மானாபாத்தில் சோதிக்கப்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு வைரஸ் இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இல்லை. வைரஸ் இருக்கிறது என்றால், இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டியவர் என்று மட்டுமே பொருள்.

அடுத்த படி கோல்போஸ்கோப். மாற்றம் வெளிப்புறத்தில் முழுவதும் தெரிந்தால் குளிர்ச் சிகிச்சை போதும். சுமார் 100 பாகை வரை சூடேற்றிய முனையால் செய்யும் வெப்பச் சிகிச்சையும் உண்டு. இதற்கு வாயு உருளை தேவையில்லை. மாற்றம் உட்குழாய்க்குள் ஏறியிருந்தால், நடுவயதில் பெரும்பாலும் அப்படித்தான், உயரதிர்வெண் மின்னோட்டம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அப்பகுதியைச் சீவி எடுப்பார்கள். மரத்துப்போகும் ஊசி போதும். எடுத்த திசுவைச் சோதனைக்கு அனுப்பலாம் என்பது இதன் கூடுதல் நன்மை. பெரியம்மாவுக்குச் செய்ததும் இதுவே. திசுவில் இருந்தது கடுமையான முன்நிலை மாற்றம், புற்று இல்லை. ஓராண்டுக்குப் பின் செய்த எச்.பி.வி. சோதனையில் வைரஸ் காணப்படவில்லை. இம்முறை கிடைத்த "இல்லை" நம்பத்தக்க "இல்லை".

மூன்றாம் கேள்வி: ஒப்பீட்டுக்கு நின்றவர்கள்

இனி மிகவும் கடினமான கேள்வி. ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரு கம்பியைச் சூடேற்றி, மற்றொன்றை அப்படியே விட்டு, இரண்டையும் ஒப்பிடுகிறோம். விடப்பட்ட கம்பி வருந்துவதில்லை. திண்டுக்கல்லில் விடப்பட்டவர்கள் 30,958 பெண்கள். அவர்களில் 92 பேர் இறந்தார்கள். மற்றக் குழுவுக்குக் கிடைத்த 35 விழுக்காட்டுப் பயன் இவர்களுக்கும் கிடைத்திருந்தால், ஏறக்குறைய 32 பேர் அந்த ஆண்டுகளில் இறந்திருக்க மாட்டார்கள்.

இக்கேள்வியை உரக்க எழுப்பியவர் அமெரிக்க மருத்துவர் எரிக் சூபா. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று ஆய்வுகளிலும் சோதிக்கப்படாமல் விடப்பட்ட பெண்கள் 1,38,624 பேர் என்றும், அவர்களில் குறைந்தது 254 பேர் இந்நோயால் இறந்தனர் என்றும் 2014இல் 'இந்திய மருத்துவ அறவியல் இதழி'ல் அவர் எழுதினார். ஆய்வாளர் தரப்பின் பதில்: அக்காலத்தில் அவ்வூர்களில் எந்தச் சோதனையும் வழக்கத்தில் இல்லை, இருந்த எதையும் நாங்கள் பறிக்கவில்லை.

இந்தப் பதிலில் ஓரளவு நியாயம் உண்டு. ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால் உஸ்மானாபாத்தில் புளிக்காடி தோற்றதும் நமக்குத் தெரிந்திராது. பயனற்ற முயற்சியைப் பயனுள்ளது என்று நம்பியிருப்போம். ஆனால் செல் பூச்சுச் சோதனை 1940களிலேயே அறியப்பட்டது. 2000க்குப் பல பத்தாண்டுகள் முன்பே செல்வ நாடுகளில் வழக்கமாகிவிட்டது. "வழக்கத்தில் இல்லை" என்பது வறுமையின் விளைவு. வறுமையையே ஆய்வின் ஒப்பீட்டுக் கோடாக ஆக்கிக்கொள்ளலாமா? எல்லாத் தொகுதிகளுக்கும் சோதனை உண்டு, குலுக்கலில் முன்னால் வருபவை முன்னால், பின்னால் வருபவை ஓரிரு ஆண்டுகள் கழித்து என்று படிப்படியாக நடத்தும் முறையும் உண்டு. அதில் ஒப்பீடும் கிடைக்கும். எவரும் விடுபடவும் மாட்டார்கள். விடை கிடைக்கச் சற்றுக் கூடுதல் காலம் பிடிக்கலாம். அந்த விலையை ஆய்வு கொடுக்கலாம். அப்பெண்கள் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

நம் கடன்

திண்டுக்கல் ஆய்வு பெரிய ஆய்வு. கிராமத்துச் செவிலியரின் கைகளாலும், ஊறுகாய்க் கரைசலாலும், ஓர் உருளை வாயுவாலும் புற்றுநோயை வெல்லலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்தது. ஆனால் அது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அளித்த விடை "தெரியவில்லை" என்பதே. அதை "இல்லை" என்று மாற்றிப் படித்தது பின்னால் வந்தவர்களின் பிழை.

அந்த ஆய்வில் இருந்த 80,269 பெண்களும் தந்த அறிவை நாம் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறோம்? 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு; இந்தியா முழுவதும் 1.9 விழுக்காடு. 2022இல் மட்டும் நம் நாட்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறக்குறைய 80,000 பேர் என்பது பன்னாட்டு மதிப்பீடு.

வாசகர்களே, நீங்கள் மாணவர்களாயின் உங்கள் வீட்டில் தாய் இருப்பார். அத்தையும் பெரியம்மாவும் இருப்பார்கள். அவர்கள் சோதனைக்குச் செல்லும்போது மூன்று கேள்விகளைக் கேட்கச் சொல்லுங்கள். எந்தச் சோதனை செய்கிறீர்கள்? என் வயதில் பார்க்க வேண்டிய இடம் முழுவதும் அதில் தெரிகிறதா? ஏதேனும் கண்டால் சிகிச்சை எங்கே, எப்போது? மாதவிடாய் நின்ற பிறகு குருதிப்போக்கு காணப்பட்டால் எந்த முகாமுக்கும் காத்திராமல் நேரே மருத்துவரிடம் செல்லச் சொல்லுங்கள்.

"ஒன்றும் தெரியவில்லை" என்று யாரேனும் சொன்னால், எந்தக் கருவியைக் கொண்டு பார்த்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு அன்று. ஆய்வுக்கூடத்தில் நான் என் மாணவர்களுக்கு முதல் நாளே கற்றுக்கொடுக்கும் பாடம் அது.